வரட்டும் என்றாள் அம்மா

சின்ன வயதில் அமெரிக்காவுக்குத் தூக்கிக்கொண்டு போகப்பட்டு, பிறகு யாரும் ஒரு வார்த்தை கேட்காமல் திரும்பக் கொண்டுவரப்பட்ட நம் செட்டு ஆட்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். பிபிக்கும் மூட்டுவலிக்கும் மாத்திரை போட ஆரம்பித்துவிட்டோம், இனி நமக்குள் என்ன ஒளிவுமறைவு? நாம் எல்லோரும் அங்கே மொழிபெயர்ப்பாளர் வேலை பார்த்தவர்கள். டாக்டர் சொன்னதை அம்மாவுக்கும், அம்மா சொன்னதை டீச்சருக்கும் மாற்றிச் சொல்லியே வளர்ந்தோம். அதில் கொஞ்சம் தில்லுமுல்லு செய்யாத யோக்கியர் நம்மில் யார்? 'இவள் வகுப்பில் ஓயாமல் பேசுகிறாள்' என்று டீச்சர் சொன்னால், 'நல்லாப் பேசறேனாம்மா' என்று சொல்லித் தப்பித்திருப்போம். நான் செய்தது அந்த வகையில் சேராது. அதனால்தான் இத்தனை வருடம் வாயைத் திறக்கவில்லை.

எனக்கு அப்போது பத்து வயது. ஹூஸ்டனில், ஃப்ரீவேயை ஒட்டிய ஒரு பழைய அபார்ட்மெண்டின் மாடியில் இருந்தோம். கதவைத் திறந்து வெளியே வந்தால் மூக்குக்கண்ணாடியில் ஆவி படியும், அப்படி ஒரு புழுக்கம். கீழே நீச்சல்குளத்திலிருந்து குளோரின் வாசனை வரும். பார்க்கிங்கில் நீண்ட வால் வைத்த கறுப்புப் பறவைகள் கத்திக்கொண்டே இருக்கும். அப்பா எண்ணெய்க் கம்பெனி ஒன்றில் குழாய்களுக்கு டிசைன் போடும் என்ஜினியர். காலையில் ஏழு மணிக்குக் காரை எடுத்துக்கொண்டு போனால் இருட்டும் நேரத்தில்தான் வருவார்.

அம்மா கணிதத்தில் எம்.எஸ்சி. கல்யாணத்துக்கு முன்னால் ஈரோட்டில் ஒரு கல்லூரியில் இரண்டு வருடம் பாடம் எடுத்தவள். அமெரிக்காவில் அவளுடைய விசாவுக்குப் பெயர் டிபென்டென்ட். வேலைக்குப் போகக் கூடாது. கார் ஓட்டத் தெரியாது. இங்கிலீஷ் படித்தால் புரியும், பேச வராது. பகல் முழுக்க அவள் என்ன செய்தாள் என்று அப்போது நான் யோசித்ததே இல்லை. வீடு துடைத்து வைத்தது போல் இருக்கும், அவ்வளவுதான் தெரியும்.

எதிர்வீட்டில் ஒரு லெபனான் குடும்பம் இருந்தது. அந்த அங்கிள் ஊருக்கு வெளியே ஒரு கேஸ் ஸ்டேஷனில், அதாவது பெட்ரோல் பங்கில், கவுன்டரில் நிற்பவர். மலைமேல் தன் அப்பாவுக்குக் கல்வீடும் ஆலிவ் தோட்டமும் இருந்ததாகவும், அவரைக் கண்டால் ஊரே எழுந்து நிற்கும் என்றும் சொல்வார். சொல்லும்போது சட்டைப்பையில் கம்பெனிப் பெயர் தைத்த அந்தச் சிவப்புச் சட்டையைத்தான் போட்டிருப்பார். ஆன்ட்டி ஒரு தையல்காரரின் மகள். அந்தப் பெரிய வீட்டுக்கு அவர் மருமகளாகப் போனது மாமியாருக்குப் பிடிக்கவே இல்லை. போர் நடந்தபோது கைக்குழந்தையோடு கிளம்பி வந்தவர்கள். ஹூஸ்டனில் யார் பெரிய வீடு, யார் தையல்காரர் மகள் என்று யாருக்குத் தெரியும்? ஆன்ட்டி அங்கே கார் ஓட்டக் கற்றுக்கொண்டார், அதே கேஸ் ஸ்டேஷனில் இரண்டாவது ஷிப்டு பார்த்தார், கணவரை விட நன்றாக வாடிக்கையாளரைச் சமாளித்தார்.

அம்மாவைக் கடைகண்ணிக்கு அழைத்துப் போனது ஆன்ட்டிதான். கோடு விழுந்த ஒரு பழைய நீலக் கார். முன்சீட்டில் அம்மா பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், நான் பின்னால் நடுவில் உட்கார்ந்து இருவருக்கும் இடையே தலையை நீட்டிக்கொண்டிருப்பேன். ஆன்ட்டியின் இங்கிலீஷ் உடைந்த இங்கிலீஷ். அம்மாவுடையது வெளியே வராத இங்கிலீஷ். ஒருவர் சொல்வதை மற்றவருக்கு நான் சொல்ல வேண்டும்.

இதில் பெரிய குழப்பம் தலையாட்டலில்தான். நாம் சரி என்பதற்குத் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்து ஆட்டுவோம் இல்லையா? ஆன்ட்டிக்கு அது வேண்டாம் என்று தோன்றும். முதல் தடவை அவர் வீட்டில் கீரை வைத்த ரொட்டி கொடுத்தபோது அம்மா ஆசையாகத் தலையை ஆட்ட, ஆன்ட்டி முகம் வாடித் தட்டை உள்ளே கொண்டுபோய்விட்டார். அம்மா வீட்டுக்கு வந்து, "குடுக்கற மாதிரி குடுத்துட்டு எடுத்துட்டுப் போயிட்டாளே, இதென்ன பழக்கம்?" என்று புலம்பினாள். அதே போல ஆன்ட்டி வேண்டாம் என்பதற்கு முகவாயை மேலே தூக்கி 'ச்' கொட்டுவார். அம்மாவுக்கு அது 'என்ன?' என்று கேட்பதாகப் படும். கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருப்பாள். அதன் பிறகு தலைக்கும் சேர்த்து நான்தான் மொழிபெயர்ப்பாளர். "ஷீ மீன்ஸ் யெஸ் ஆன்ட்டி" என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பேன். ஆனாலும் நான் வாயால் சொல்லாத வரை ஆன்ட்டி அந்தத் தலையை நம்ப மாட்டார்.

அவர்களுடைய மகள் என்னைவிட ஆறு வயது பெரியவள். நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அந்தத் தமிழ் வார்த்தையை அவளும் தன் பெயரைப் போலவே எடுத்துக்கொண்டாள். பதினோராம் வகுப்பு, அல்ஜிப்ராவில் தகராறு. ஒருநாள் எங்கள் வீட்டில் என்னோடு டிவி பார்த்துக்கொண்டே ஹோம்வொர்க் செய்தவளின் நோட்டை அம்மா எட்டிப் பார்த்தாள். பென்சிலை வாங்கினாள். ஒரு வார்த்தை பேசாமல் நாலு வரியில் போட்டுக் காட்டினாள். அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அடுத்த கணக்கை நீட்டினாள்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் எங்கள் சாப்பாட்டு மேசையில் கணக்கு நடந்தது. அதற்கு நான் தேவைப்படவில்லை. x, y, ஈக்வல் டு, அவ்வளவுதான் பேச்சு. அம்மா நான்கு மணிக்கே முகம் கழுவி, புடவை மாற்றி, பொட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். எனக்குத் தலை பின்னும்போது கூடக் கதவையே பார்ப்பாள். அக்கா ஒரு டெஸ்டில் முழு மார்க் வாங்கி வந்தபோது அம்மா அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள். என் ஸ்பெல்லிங் டெஸ்டில் முழு மார்க் வாங்கினால், "சரி கண்ணு, கை கழுவிட்டுச் சாப்பிட வா" என்பாள். எனக்கு வயிறு எரிந்தது. இதை இப்படி நேராகச் சொல்ல எனக்கு முப்பது வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. பொறாமைதான், வேறொன்றுமில்லை.

அந்தக் கோடையில்தான் அங்கிள் ஊருக்குத் திரும்புவது என்று முடிவெடுத்தார். போர் முடிந்துவிட்டது, கல்வீட்டின் கூரையைக் கட்டினால் போதும், இனி ஒரு நாள்கூட அடுத்தவன் கவுன்டரில் நிற்க மாட்டேன் என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு இன்று மனமில்லை. அங்கே போனால் அவர் மறுபடி அவராகிவிடுவார். ஆனால் ஆன்ட்டி மறுபடி தையல்காரர் மகளாகிவிடுவார். அக்காவின் நிலைமை இன்னும் மோசம். வீட்டில் அரபி பேசுவாளே தவிர எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். அங்கே பள்ளியில் பாதி அரபி, பாதி பிரெஞ்சு. இங்கே ஒரே ஒரு வருடம் இருந்தால் பள்ளி முடித்த சர்ட்டிபிகேட் கையில் இருக்கும், காலேஜுக்கு விண்ணப்பிக்கலாம். போய்விட்டால் எதுவும் இல்லை.

ஒருநாள் ஆன்ட்டி தனியாக வந்தார். காபி கூடக் குடிக்கவில்லை. அந்த ஒரு வருடம் மட்டும் மகளை எங்கள் வீட்டில் வைத்துக்கொள்ள முடியுமா என்று அம்மாவைக் கேட்டார். நான் வரிக்கு வரி சரியாகத்தான் மாற்றிச் சொன்னேன். அங்கிள் முதலில் ஒரேயடியாக மறுத்தாராம். பிறகு, "அந்த வீடு என்றால் சரி. அங்கே தாய் எப்போதும் வீட்டில் இருக்கிறாள்" என்று இறங்கி வந்தாராம். வேலைக்குப் போக முடியாமல் அம்மா வீட்டில் அடைந்து கிடந்தது அவருக்கு ஒரு நற்சான்றிதழாகப் பட்டிருக்கிறது. அம்மா, "அவரைக் கேட்டுட்டுச் சொல்றேன்னு சொல்லு கண்ணு" என்றாள்.

இரவு சாப்பாட்டின்போது அம்மா அப்பாவிடம் கேட்டாள். "ஏனுங்க, ஒரு வருஷந்தானுங்க. பாவம், படிக்கற புள்ள."

"அடுத்தவங்க வயசுப் புள்ளைய வெச்சுக்கறது சும்மா இல்ல. ஏதாச்சும் ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?"

"நான் பார்த்துக்கறனுங்க."

அம்மா அப்படி ஒரு விஷயத்தில் விடாமல் நின்று நான் பார்த்ததில்லை. மூன்று நாள் விடவில்லை. கடைசியில் அப்பா, "உன் இஷ்டம்" என்று பேப்பரைப் பிரித்துக்கொண்டார். அம்மா என் அறைக்கு வந்து கட்டிலைச் சுவரோரம் நகர்த்தச் சொன்னாள். இன்னொரு கட்டில் போட்டால் எந்தப் பக்கம் வரும் என்று கையால் முழம் போட்டுப் பார்த்தாள். "அக்காக்கு ஜன்னல் பக்கம் குடுத்துரலாம், அவ ராத்திரி படிப்பா" என்றாள். ஜன்னல் பக்கம் என்னுடையது.

மறுநாள் காலை. அபார்ட்மெண்டின் லாண்டரி ரூமில் நானும் அம்மாவும் இருந்தோம். நான்கில் மூன்று மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன, பேசினால் காது கேட்காத சத்தம். நான் துணி உலர்த்தும் டிரையர் ஒன்றின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தேன், தொடைக்குக் கீழே சூடாக இருந்தது. ஆன்ட்டி வாசலில் வந்து நின்றார். வேலைக்குப் போகும் அவசரம், கையில் கார் சாவி. அங்கிருந்தே அம்மாவைப் பார்த்து, "யெஸ்? ஆர் நோ?" என்று கேட்டார்.

அம்மா கையில் ஈரத் துணியோடு சிரித்தாள். தலையை நன்றாகச் சாய்த்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், ஆட்டு ஆட்டென்று ஆட்டினாள். "வரட்டும், வரட்டும்" என்றாள் தமிழில்.

ஆன்ட்டி என்னைப் பார்த்தார். வழக்கம் போல நான் சொல்ல வேண்டிய இடம். ஷீ மீன்ஸ் யெஸ் ஆன்ட்டி. மூன்றே நொடி ஆகும். நான் தலையைக் குனிந்துகொண்டு எதிரே இருந்த டிரையரின் கண்ணாடி வட்டத்துக்குள் துணிகள் சுழல்வதைப் பார்த்தேன்.

குழந்தை வெட்கப்படுகிறது, தாயின் மறுப்பைத் தன் வாயால் சொல்லப் பிடிக்கவில்லை என்று ஆன்ட்டி நினைத்திருக்க வேண்டும். அவர் முகத்தில் ரத்தம் வற்றியது. ஆனாலும் அம்மாவிடம் வந்து கன்னத்தைத் தொட்டு, "ஓகே, ஓகே, இட்ஸ் ஓகே ஹபீப்தி" என்று, கண்ணே என்பதற்கான அரபி வார்த்தையையும் சேர்த்துச் சொல்லிவிட்டு வேகமாகப் போனார். அம்மாவுக்குக் காதில் விழுந்தது ஓகே மட்டும்தான். அவள் மிச்சத் துணிகளை வாய்க்குள் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே மெஷினில் போட்டாள்.

நான் அந்த நாள் முடிவதற்குள் சொல்லிவிடுவேன் என்றுதான் நினைத்தேன், நம்புங்கள். சாயங்காலம் அக்கா கணக்குக்கு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. நீச்சல்குளத்தின் ஓரத்தில் என்னைப் பிடித்து நிறுத்தி, "உங்கம்மாவுக்கு என்னைப் பிடிக்கும்னு நினைச்சேன்" என்று இங்கிலீஷில் சொன்னாள். அவள் கண் சிவந்திருந்தது, குளோரினால் அல்ல. நான் தோளைக் குலுக்கினேன். ஒவ்வொரு நாள் தள்ளிப்போகப் போகச் சொல்வது பெரிய காரியமாகிவிட்டது. முதல் நாள் சொல்லியிருந்தால் மறதி. நான்காம் நாள் சொன்னால் குற்றம்.

அம்மா இதற்குள் அப்பாவை நச்சரித்து ஒரு கட்டில் வாங்கவைத்தாள். மஞ்சள் பூப் போட்ட படுக்கை விரிப்பு ஒன்று தானே தேர்ந்தெடுத்து வாங்கினாள். எதிர்வீட்டில் சோபாவையும் டிவியையும் யாரோ வந்து தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்தபடி, "அக்கா எப்ப சாமான் கொண்டு வரான்னு கேட்டியா?" என்று என்னைக் கேட்பாள். "கேக்கறேம்மா" என்பேன். பிறகு அவளே புரிந்துகொண்டாள், தப்பாக. "மனசு மாறிட்டாங்க போல" என்று அப்பாவிடம் சொன்னபோது அப்பா, "நான் சொன்னேன்ல? நம்ம வீட்டுல கறி கிடையாது, ஒண்ணும் கிடையாது. அவங்களுக்குச் சரிப்படாதுன்னு நினைச்சிருப்பாங்க. பெரிய வீட்டு ஆளுங்க" என்றார். அம்மா பூப்போட்ட விரிப்பை மடித்துப் பீரோவில் வைத்தாள்.

கிளம்பும் நாளில் ஆன்ட்டியும் அக்காவும் விடைபெற வந்தார்கள். அங்கிள் கீழே வேனில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார். அவர் அன்று கோட்டு போட்டிருந்தார். அதற்கு முன்னால் அவரைக் கோட்டோடு பார்த்ததில்லை. ஆன்ட்டி அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அம்மாவின் கை விறைப்பாக இருந்தது. அவள் என்னிடம், "இவளை ஏன் எங்ககிட்ட விட்டுட்டுப் போகலைன்னு கேளு. நாங்க என்ன குறை வெச்சோம்னு கேளு" என்றாள்.

நான் ஆன்ட்டியிடம், ஃபிளைட் எத்தனை மணிக்கு என்று அம்மா கேட்கிறாள் என்றேன்.

"சிக்ஸ் ஓ க்ளாக்" என்றார் ஆன்ட்டி.

"அக்காவை விட்டுட்டு அவங்களால இருக்க முடியாதாம்" என்றேன் அம்மாவிடம்.

அம்மா தலையை ஆட்டினாள். அக்கா கதவோரம் நின்று எங்கள் சாப்பாட்டு மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு படியிறங்கும் சத்தம் கேட்டது. அம்மா ஜன்னலுக்குப் போகவில்லை, அடுப்படிக்குப் போனாள். நான்தான் ஜன்னலில் நின்று வேன் திரும்பும் வரை பார்த்தேன். ஜன்னல் பக்கம் இன்னும் என்னுடையதாகவே இருந்தது.

நாலைந்து மாதம் கழித்து ஒரு கடிதம் வந்தது. தபால்பெட்டிச் சாவி என் கழுத்தில்தான் தொங்கும். அக்கா எனக்கு எழுதியிருந்தாள். தன்னை இரண்டு வகுப்புக் கீழே, சின்னப் பிள்ளைகளோடு போட்டார்கள் என்றும், ஒரு பருவம் பார்த்துவிட்டு நின்றுவிட்டதாகவும் எழுதியிருந்தாள். பாட்டியோடு விருந்தாளிகளுக்குக் காபி கொண்டு போய்க் கொடுப்பதுதான் இப்போது வேலை. தன் அம்மா இப்போது வண்டி ஓட்டுவதில்லை, அந்த வீட்டுப் பெண்கள் ஓட்ட மாட்டார்களாம். 'உன் அம்மா மேல் எனக்குக் கோபம் இல்லை என்று அவரிடம் சொல். கணக்கு நோட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.' உறையின் பின்னால் முகவரி இருந்தது. கடிதத்தை உறையோடு ஒரு லைப்ரரி புத்தகத்துக்குள் வைத்து, அந்தப் புத்தகத்தை லைப்ரரிச் சுவரில் புத்தகம் திருப்பிப் போடும் துவாரத்தில் போட்டுவிட்டேன். தெரிந்தேதான் போட்டேன். உள்ளே அது விழுந்த சத்தம் கேட்டவுடன் கையை விட்டு எடுக்கப் பார்த்தேன். எட்டவில்லை.

அடுத்த வருடம் எங்கள் முறை வந்தது. அப்பாவுக்குக் கிரீன் கார்டு ஆகவில்லை, ஈரோடு வந்துவிட்டோம். தமிழ் எழுதத் தெரியாத என்னை இரண்டு வகுப்புக் கீழே போட்டார்கள். கடைசி பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருப்பேன். 'ழ' சொல்லச் சொல்லிப் பிள்ளைகள் சிரிக்கும். எனக்குக் கிடைத்தது சரியான தண்டனை என்று பதினொரு வயதிலேயே எனக்குத் தெரிந்திருந்தது. ஆனால் எனக்கு வயது இருந்தது, பிடித்துக்கொண்டேன். அக்காவுக்கு அது இல்லை.

வீட்டிலும் எல்லாம் தலைகீழானது. ஹூஸ்டனில் பாத்திரம் கழுவி, வாக்யூம் போட்ட அப்பா, ஈரோட்டில் குடித்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார். அம்மா ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் கணக்கு டீச்சராகச் சேர்ந்தாள். நெருப்பு டீச்சர் என்று பெயர் எடுத்தாள். ரிட்டையர் ஆகும் வரை எத்தனையோ பெண்களை வீட்டிலேயே தங்கவைத்துக்கூடப் படிக்கவைத்தாள். திரும்பி வந்தது அம்மாவுக்கு விடுதலை. ஆன்ட்டிக்கு அதே திரும்புதல் கதவை வெளிப்பக்கம் தாழ்போட்டது போல் ஆகிவிட்டது. ஒரே மாடியில் எதிரெதிர்க் கதவு, ஒரே வருட வித்தியாசம்.

போன மாதம் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். ஒரு கண்ணில் கட்டு, இன்னொன்றில் புரை என்று உட்கார்ந்திருந்தவளுக்குப் பக்கத்தில் இருந்து மாத்திரை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவள் என்னைப் பார்க்க முடியாது என்ற தைரியத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தலையாட்டியது, டிரையர், ஃபிளைட் நேரம், கடிதம், எதையும் விடவில்லை. திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அம்மா மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டே, "அப்ப இத்தனை வருஷமா நான் மாட்டேன்னு சொன்னதாவா அவ நினைச்சுட்டு இருக்கா?" என்றாள்.

"ஆமாம்மா."

"நான் ஒரு கட்டில் வாங்கினேன், கண்ணு."

"தெரியும்மா."

"எழுது. இங்கிலீஷ்ல எழுது. வரட்டும்னுதான் சொன்னேன்னு எழுது."

"அட்ரஸ் இல்லம்மா. தேடிப் பார்க்கலாம், பேர் சொல்லு. ஆன்ட்டி பேர் என்ன?"

எனக்கு அவர் ஆன்ட்டி. அம்மாவுக்கு அவர் எதிர்வீட்டுக்காரி, முகத்துக்கு நேரே சிஸ்டர். அந்த அங்கிள் பெயர் கூட எங்களுக்குத் தெரியாது. அக்காவுக்கு நான் வைத்த அக்காதான் பெயர்; உறையில் எழுதியிருந்த பெயர் எனக்கு நினைவில் இல்லை. அவர்கள் ஊர் வழக்கப்படி ஆன்ட்டியும் அம்மாவை என் பெயரைச் சொல்லி, 'இன்னாருடைய அம்மா' என்றுதான் கூப்பிடுவார்.

"பரவாயில்ல, எழுது" என்றாள் அம்மா.

எழுதினேன். நாலே வரி. அவள் சொன்னதைச் சொன்னபடியே இங்கிலீஷில் மாற்றினேன், ஒரு வார்த்தை கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. வாசித்துக் காட்டினேன். பேனாவைக் கேட்டாள். அவள் விரலைப் பிடித்துத் தாளின் அடியில் வைத்தேன். கட்டுப் போட்ட கண்ணோடு, கோணல்மாணலாக, இனிஷியலோடு தன் முழுப் பெயரையும் எழுதினாள். அந்தப் பெயரை ஆன்ட்டி ஒரு நாளும் கேட்டதில்லை.